நடுத்துளையில் பித்தளை

காப்ரியலும் பிளோரன்ஸும் அந்தத் தோட்டத்துக்குள் பிக்கப்பைத் திருப்பியபோது காலை பதினொரு மணி இருக்கும். கோலசிலாங்கூரிலிருந்து சபாக் போகும் பெரிய சாலையை விட்டு இறங்கினால் நாலு கிலோமீட்டர் மண்பாதை. இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. மேலே வெயில் கொளுத்தியது. ஓலைகளுக்குக் கீழே மட்டும், ஜன்னல் சாத்திய அறை மாதிரி ஒரு மங்கல். வெட்டிப் போட்ட குலைகள் பாதையோரம் புளித்துக் கிடந்தன.

பாதை முடிகிற இடத்தில், தோட்டத்துக் கணக்கருக்கென்று கட்டிய பழைய கிராணி வீடு. புருஷன் தேவன் செத்து ஆறு வருஷமாகியும் லோகேஸ்வரி அந்த வீட்டை விடவில்லை. தோட்டத்து நாற்றுமேட்டில் அவள் மண்டோர். இருபது பெண்களை வேலை வாங்குகிறவள். காலில் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றிருந்தாள்.

“வாங்கண்ணே. வாங்கக்கா. தண்ணி கலக்கட்டுமா?”

“இருக்கட்டும்மா. மொதல்ல சாமான பாத்துக்குறேன்,” என்றார் காப்ரியல்.

பிளோரன்ஸ் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவர் யார் வீட்டிலும் தேத்தண்ணியை வேண்டாம் என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

புக்கிட் பெலிம்பிங்கில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால்தான் பட்டறை. பழைய கார் எஞ்சின்களின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கடைந்து கொடுப்பது தொழில். எரிந்த புகை எஞ்சினை விட்டு வெளியேறும் துளைக்கு எக்ஸாஸ்ட் போர்ட் என்று பெயர். அதற்குள் கிரைண்டரை விட்டுச் சுவரைச் சுரண்டி அகலப்படுத்தி, வளைவுகளை வழவழப்பாக்கினால் எஞ்சின் தாராளமாக மூச்சு விடும். கிழட்டுக் கார் பறக்கும். ஈப்போவிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் ஆட்கள் ஹெட்டைத் துணியில் சுற்றிக் குழந்தை மாதிரி தூக்கி வருவார்கள். காப்ரியல் கை பட்டது என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. தேவனுடைய பச்சை மினி காரும் அவர் கை பட்டதுதான்.

அந்த மினிதான் ஆறு வருஷத்துக்கு முன்னால், பட்டப்பகலில், காய்ந்த சாலையில், எதிரே வந்த செம்பனை லோரிக்கு அடியில் போய்ச் சொருகிக்கொண்டது. குலைகள் சரிந்து கண்ணாடியை உடைத்து உள்ளே கொட்டின. ஒவ்வொன்றும் இருபது கிலோ, முழுக்க முள். ரேடியேட்டர் குழாய் வெடித்துக் கொதிநீர் தேவனின் கைகளை அவித்துவிட்டிருந்தது. வெளியே இழுத்தவர்களிடம் தோல் உறை மாதிரி கழன்று வந்தது. முகத்தைத் துணியால் சுற்றித்தான் பெட்டியில் வைத்தார்கள். பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் காப்ரியலும் ஒருவர்.

“சரண் போன வாரமே கழட்டி வச்சுட்டான்,” என்று மகனைச் சொல்லிக்கொண்டே லோகேஸ்வரி கொட்டகையைத் திறந்தாள். “அவனுக்கு ஒரே பிடிவாதம்ணே. வேற மினி பாடி பாத்து வச்சிருக்கான். அப்பா எஞ்சின்தான் அதுல உக்காரணுமாம். செரண்டா பேக்டரியில ஷிப்ட் முடிச்சுட்டு வந்து ராவும் பகலும் இதே பேச்சு.”

“ஓட்டட்டும்மா. வயசுப் பையன்.”

“அது மட்டும் இல்லண்ணே.” அவள் குரல் தணிந்தது. “அவரு குடிச்சுட்டு ஓட்டுனாருன்னு ஊரே சொல்லுது. பெத்த தாயி, என் மாமியாரே சொல்லிட்டுத் திரியுது. காடி எடுக்குற அன்னிக்கு அந்த மனுஷன் ஒரு சொட்டு தொடமாட்டாரு. உங்களுக்குத் தெரியாததா?”

“தெரியும்மா.”

“சரண் அந்தப் பேச்ச கேட்டுக் கேட்டு வளந்த புள்ள. ஈப்போவுல யார்கிட்டயோ காட்டி, எஞ்சின்ல கோளாறு இருந்துச்சான்னு கேக்கணும்னான். நான்தான் தடுத்தேன். வெளியாளு எதுக்கு? காப்ரியல் அண்ணன் பாத்துச் சொல்லட்டும், அவரு சொன்னா சொன்னதுதான்னேன். குடியா, எஞ்சினா? ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சா போதும்ணே எனக்கு.”

காப்ரியல் தார்ப்பாயை விலக்கினார்.

வார்ப்பிரும்பு ஹெட், பதின்மூன்று கிலோ கனம், பலகைமேல் கவிழ்ந்து கிடந்தது. மூன்று எக்ஸாஸ்ட் துளைகளும் கரி பிடித்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. பிளோரன்ஸ் ஒரு முனையைப் பிடித்தாள். பிடித்த கையை உடனே எடுத்தாள்.

சூடாக இருந்தது.

“தகரக் கூரை. வெயிலு,” என்றார் காப்ரியல், அவள் கேட்பதற்கு முன்பே.

பக்கத்திலிருந்த மற்ற சாமான்களை அவள் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் சில்லென்றிருந்தன.

வீடு திரும்பும் வழி முழுக்கப் பிக்கப்பில் ஒரு வாசனை. எஞ்சின் கொதிக்கும்போது வரும், ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்டின் வாசனை, வெல்லம் கருகுவது போலத் தித்திப்பாக. காப்ரியல் இரண்டு தடவை நிறுத்தித் தங்கள் வண்டியின் தண்ணீரைப் பார்த்தார். குறையவே இல்லை.

பிளோரன்ஸ் பள்ளிக்கூட அறிவியல் கூடத்தில் பத்து வருஷம் உதவியாளராக இருந்தவள். பட்டறையில் கடைவது அவர்; அளப்பது அவள். அளக்கும் பெட்டியை அவளே செய்தாள். உள்ளே நாலு வேக்குவம் கிளீனர் மோட்டார். மேலே ஹெட்டை வைத்து மோட்டாரைத் தட்டினால் துளை வழியாகக் காற்று பாயும். பக்கத்தில் வளைத்து மாட்டிய கண்ணாடிக் குழாயில் பாதிவரை சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர். காற்று எவ்வளவு தடையில்லாமல் போகிறது என்பதை அந்தத் தண்ணீரின் ஏற்ற இறக்கம் சொல்லும்.

மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு ஹெட்டை அதன்மேல் ஏற்றி வைத்தாள். காப்ரியல் கேஸ்கட் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். வெளியே மேகம் கட்டிக்கொண்டு வந்தது. அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குழாயைப் பார்த்தாள்.

தண்ணீர் ஏறியது. இறங்கியது. ஏறியது. இறங்கியது.

மோட்டாரை அவள் இன்னும் தட்டவில்லை.

ஜன்னலைச் சாத்தினாள். மின்விசிறியை நிறுத்தினாள். சுவரிலிருந்த பிளக்கைக் கையாலேயே உருவினாள். தண்ணீர் தன்பாட்டுக்கு ஏறி இறங்கியது, அவசரமில்லாமல். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நிமிடத்துக்குப் பதினாறு. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில், கட்டிலோரம் உட்கார்ந்து அவள் இப்படித்தான் எண்ணியிருக்கிறாள்.

மூச்சு.

ஏன் அப்படிச் செய்தாள் என்று பின்னால் அவளால் சொல்ல முடியவில்லை. உள்ளங்கையை வைத்து நடுத்துளையை அடைத்தாள்.

தண்ணீர் நின்றது.

ஒரு நிமிடம் அப்படியே நின்றது. பிறகு குழாயின் ஒரு பக்கம் சரசரவென்று மேலே ஏறியது. அவள் கையை ஏதோ உள்ளே இழுத்தது. தோல் துளைக்குள் பிதுங்கிப் போனது. மற்ற கையை மேசையில் ஊன்றி இழுத்தாள். கை வரவில்லை. எலும்பு விலகுவது போல் வலி. கத்தினாள். அந்தக் கத்தலுக்கு விட்டது போல் விட்டது. உள்ளங்கை நடுவில் வட்டமாக ரத்தம் கட்டி, ஓரங்களில் தோல் கிழிந்திருந்தது.

துளைக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு அவள் முகத்தில் பட்டது. தித்திப்பாக, சூடாக.

டார்ச்சையும் பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியையும் எடுத்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஓடிப்போக அவளால் ஆகவில்லை, அளந்தே பழகியவள். நடுத்துளையின் வளைவுக்குப் பின்னால், சுலபத்தில் கண்ணுக்குப் படாத கூரையில், கரியை விரல் நகத்தால் சுரண்டினாள்.

மஞ்சள்.

இரும்பில் மஞ்சள் இருக்காது. பித்தளை. பித்தளையின் ஓரத்தில் கறுத்த ஓட்டை ஒன்று.

காப்ரியல் திரும்பி வந்தபோது அவள் கையில் துணி சுற்றிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். டார்ச் துளைக்குள் எரிந்தபடி இருந்தது. அவர் அதைப் பார்த்தார். கேஸ்கட் பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

“எப்போங்க இது?”

“தேவன் செப்பாங் ரேஸுக்குப் போறதுக்கு முந்தின வாரம்.” கேட்ட உடனே சொல்லிவிட்டார். ஆறு வருஷமாக யாராவது கேட்கக் காத்திருந்தது போல. “கடைஞ்சுகிட்டே போனேனா, இன்னும் கொஞ்சம் எடுக்கலாம்னு ஒரு ஆசை. சுவரு தாங்கல. அந்தப் பக்கம் தண்ணி ஓடுற அறைக்குள்ள ஓட்டை விழுந்துடுச்சு. குண்டூசித் தலை அளவுதான், பிளோரி.”

“பித்தளை வச்சு அடைச்சீங்க.”

“அடைச்சேன்.”

“எக்ஸாஸ்ட் சூட்டுல அது நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா? எனக்கே தெரியும்.”

“டவுன்ல ஓட்டுனா நிக்கும். ரேஸ் முடிஞ்சு வந்ததும் வேற ஹெட் போட்டுத் தரேன்னு சொல்லலாம்னு இருந்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு…”

மீதியை அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை. பித்தளை விலகியிருக்கிறது. தண்ணீர் புகையோடு புகையாகப் போயிருக்கிறது. வறண்ட எஞ்சின் கொதித்து இறுகி, ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டிருக்கின்றன. தேவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, எதிரே வரும் லோரியைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறான்.

“பெட்டியத் தூக்குனீங்களேங்க,” என்றாள் பிளோரன்ஸ். “அவங்க வீட்டுல உக்காந்து சோறு தின்னீங்களே.”

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. லோகேஸ்வரி.

காப்ரியல் இரண்டு கையையும் கூப்பினார். ஐம்பத்து மூன்று வயது மனிதர், கரி படிந்த கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

“அக்கா, அண்ணன் பாத்தாரா?” என்றது போன். “எஞ்சின்ல ஏதாச்சும்…?”

பிளோரன்ஸ் ஹெட்டைப் பார்த்தாள். கண்ணாடிக் குழாயில் சிவப்புத் தண்ணீர் அசையாமல் நின்றது. கேட்டுக்கொண்டிருந்தது.

“பாத்துட்டாரும்மா,” என்றாள். “எஞ்சின்ல ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு.”

அந்தப் பக்கமிருந்து ஒரு சின்னக் குரல், “அப்போ குடிதானாக்கா?”

பிளோரன்ஸ் போனைக் காதிலிருந்து எடுத்தாள். லைன் அறுந்தது.

கண்ணாடிக் குழாய் வெடித்தது.

சிவப்புத் தண்ணீர் சுவரில் அடித்து வழிந்தது. ஹெட் மேசைமேல் ஒருமுறை துள்ளியது. பதின்மூன்று கிலோ இரும்பு, தவளை மாதிரி. “விழப்போவுது!” என்று காப்ரியல் இடது கையால் அதை அணைத்துப் பிடித்தார். நடுத்துளை அவர் கையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஆறு வருஷமாகத் தண்ணீரே காணாத அந்த இரும்பிலிருந்து கொதிநீர் சீறிக்கொண்டு வந்தது.

அவர் போட்ட சத்தம் பக்கத்துத் தாமான் குடியிருப்பு வரைக்கும் கேட்டிருக்கும். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் வெளுத்து, சுருங்கி, பிரிந்து தொங்கியது. பிளோரன்ஸ் குழாயடிக்கு இழுத்துப்போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். தண்ணீரோடு தோலும் போனது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். வெந்நீர் கொட்டிக்கொண்டதாகச் சொன்னார். பிக்கப்பில் ஏறியதும் பிளோரன்ஸ் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தாள்.

“இப்பவே நேரா அங்க போலாங்க. சொல்லிடலாம். அவரு அதத்தான் கேக்குறாரு.”

“எவரு?”

“யாருன்னு உங்களுக்குத் தெரியும்.”

அவர் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: “சரண் மெசேஜ் போட்டிருக்கான். ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்குறானாம். அதுக்குள்ள அந்தப் பித்தளைய எடுத்துட்டு, சுத்தமா மரை வெட்டி இரும்பு அடைப்பு திருகிடுறேன். அது நூறு வருஷம் நிக்கும். பையன் உசுருக்கு ஒண்ணும் ஆவாது. அவன் கையில குடுக்கும்போது சொல்றேன்.”

“இன்னிக்குச் சொல்லுங்க.”

“என் பேரு என்ன ஆவும்னு யோசிச்சியா? முப்பது வருஷப் பேரு.”

“தேவன் பேரு?”

“நாளைக்குப் பேசலாம் லா, பிளோரி. கை எரியுது.”

வெள்ளிக்கிழமை முழுக்க அவர் பட்டறைப் பக்கம் போகவில்லை. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. பிளோரன்ஸ் சமையற்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது கம்ப்ரசர் தடதடக்கும் சத்தமும், அதைத் தொடர்ந்து, அதன் காற்றில் ஓடும் கிரைண்டர் இரும்பைக் கடையும் சத்தமும் கேட்டன. கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்துவிட்டார்.

கடையும் சத்தம் அவளுக்கு அத்துப்படி. கிரைண்டர் நுனியில் சுழலும் பிட் இரும்பைத் தின்னும்போது குரல் தடித்திருக்கும். சும்மா சுழன்றால் கீச்சிடும். கொஞ்ச நேரத்தில் குரல் மாறியது. தடித்ததும் இல்லை, கீச்சும் இல்லை. இரண்டையும் சேர்த்து யாரோ ஊளையிடுவது போல.

அவள் மீனைப் போட்டுவிட்டு ஓடினாள்.

காப்ரியல் ஹெட்மேல் கவிழ்ந்து கிடந்தார். ஹெட் மேசையிலிருந்த வைஸ் பிடியில் இறுக்கியிருந்தது. கிரைண்டரைப் பிடித்த வலது கை துளையோடு ஒட்டியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்து, முகம் நீலம் பாரித்திருந்தது. பட்டறை முழுக்க அந்தத் தித்திப்பு வாசனை, மூச்சு முட்டியது.

“வெளிய எடுங்க!”

“வர மாட்டேங்குது.” பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். “புடிச்சுக்கிட்டான்.”

“விசைய விடுங்க!”

“விட்டுட்டேன்டி! காத்த அடை! காத்த அடை!”

அவள் கம்ப்ரசரை நிறுத்தினாள். வால்வைத் திருகினாள். அது போதாதென்று காற்றுக் குழாயையே கிரைண்டரின் அடியிலிருந்து பிடுங்கினாள். குழாய் தரையில் விழுந்து, இருந்த காற்றைச் சீறித் துப்பிவிட்டு அடங்கியது.

கிரைண்டர் நிற்கவில்லை.

காற்றே இல்லாமல் சுழன்றது. வேகம் ஏறியது.

காப்ரியலின் கை துளைக்குள் இன்னும் இறங்கியது. போகவே முடியாத துளை அது. இரண்டு விரல்தான் நுழையும். விரல் எலும்புகள் ஒவ்வொன்றாக முறிவது மழைச் சத்தத்துக்கு மேலே கேட்டது, காய்ந்த ஓலைக்காம்பை மிதிப்பது போல. அவர் கத்தினார். கத்தல் நின்று வெறும் காற்றாக வந்தது. பிளோரன்ஸ் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் இழுத்தாள். துளையின் ஓரத்திலிருந்து ரத்தம் வழிந்தது.

வழிந்த ரத்தம் கீழே சொட்டவில்லை. இரும்பில் ஏறி, மறுபடி துளைக்குள்ளேயே போனது.

அப்போதுதான் அவள் அந்தக் குரலைக் கேட்டாள். நடுத்துளையிலிருந்து வந்தது. வெந்த தொண்டையின் குரல். பழக்கமான குரல்.

“சொல்லுண்ணே.”

காப்ரியல் அழுதார். “சொல்லிடுறேன்டா தேவா. சொல்லிடுறேன். விட்டுடுடா.”

“எப்போண்ணே?”

“சொல்லிடுறேன்டா…”

“எப்போ?”

பிளோரன்ஸ் அவர் காதில் கத்தினாள். “இப்பன்னு சொல்லுங்க! நான் போன் போடுறேன், இப்பன்னு சொல்லுங்க!”

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் வலி இருந்தது, பயம் இருந்தது; அவற்றுக்கு நடுவிலும் அந்தப் பழைய கெஞ்சல் இருந்தது. சிதைந்த கையோடு, ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போதும், அந்த மனிதர் இன்னும் ஒரே ஒரு நாள் தவணை கேட்டார்.

“நாளைக்கு,” என்றார். “நாளைக்குக் கண்டிப்பா—”

கை விடுபட்டது.

நீளக் காம்பு போட்ட பிட்டைத் துளைக்குள் நுழைத்த பிறகுதான் சுழலவிட வேண்டும். நின்ற பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும். தாங்குவதற்குச் சுற்றிலும் இரும்பு இல்லாமல் அந்த வேகத்தில் சுழன்றால் காம்பு வளைந்து சாட்டையாகிவிடும். இந்தத் தொழிலில் கை வைக்கும் ஒவ்வொருவரும் முதல் நாள் கேட்கும் பாடம் இது.

பிட் முழு வேகத்தில் வெளியே வந்தது.

ஒரு வெள்ளிக் கோடு மாதிரி அது வளைந்ததை அவள் பார்த்தாள். முதல் அடி அவர் தாடையைப் பிளந்தது. பற்கள் சுவரில் போய்த் தெறித்தன. இரண்டாவது அடி கழுத்தில். மூன்றாவதும் கழுத்தில். அதற்குப் பிறகும் அது நிற்கவில்லை. அவர் முழங்கால் மடங்கிச் சரிந்தபோது, அவர் கையிலேயே இருந்துகொண்டு அவரோடு கூடவே சரிந்து, மார்பில், தோளில், முகத்தில் அடித்தது. பிளோரன்ஸின் முகம், கண்ணாடி, வாய் எல்லாம் அவர் ரத்தம். அவள் வெறுங்கையால் அதைப் பிடிக்கப் போனாள். அவளுடைய இரண்டு விரல்களின் நுனி போனது. அது போனது அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு தானாக நின்றது.

தகரக் கூரைமேல் மழை கொட்டியது. வைஸில் இறுகியிருந்த ஹெட், வயிறு நிறைந்தவன் விடுவது போல் நீளமாக ஒரு மூச்சு விட்டது.

போலிஸ் இரண்டு நாள் வந்து போனது. வேலையிடத்து விபத்து என்று எழுதினார்கள். காற்றுக் குழாய் ஏன் தனியாகக் கிடந்தது என்று இளம் அதிகாரி ஒருவர் கேட்டார். நான்தான் பிடுங்கினேன் என்றாள். எப்போது என்று கேட்டார். விபத்துக்கு முன்னால் என்றாள். அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நோட்டை மூடினார். ஹெட்டை அவர்களே எடுத்துப் போனார்கள். பெட்டியைத் திறக்காமலே அடக்கம் செய்தார்கள். லோகேஸ்வரிக்கு அவள் ஆள் அனுப்பவில்லை. பட்டறையில் விபத்து, ஹெட் போலிஸில் இருக்கிறது, வரவேண்டாம் என்று சரணுக்கு மட்டும் இரண்டு வரி போட்டாள். யாருக்கு விபத்து என்று போடவில்லை. எழுத வரவில்லை.

ஒன்பதாம் நாள் பூசை முடிந்த மதியம், கட்டுப்போட்ட கையோடு, மழையில், பிளோரன்ஸ் தனியாகப் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குப் போனாள். நாளைக்குப் போகலாம் என்று அண்ணன் மகள் நித்தியா தடுத்தாள். அந்த வார்த்தையைக் கேட்டதுமே அவள் சாவியை எடுத்துவிட்டாள்.

கிராணி வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு வாசலுக்குப் போகும் தூரத்திலேயே தொப்பலாக நனைந்துவிட்டாள். லோகேஸ்வரி அவளைப் பார்த்ததும் கதவை முழுசாகத் திறந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. எரிச்சல்தான் இருந்தது.

“நீங்களாச்சும் உள்ள வந்தீங்களே. என்னக்கா, அண்ணனுக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா?”

“என்னம்மா சொல்ற?”

“தினமும் வராருக்கா. ஒரு வாரமா. மழை நேரத்துல வந்து கேட்டுக்கு வெளிய நிக்கிறாரு. கழுத்துல துண்டு சுத்திட்டு. உள்ள வாங்கண்ணேன்னா வர்றதில்ல. ‘நாளைக்குச் சொல்றேம்மா’ங்குறாரு. அவ்வளவுதான். போயிடுறாரு. என்ன விளையாட்டுக்கா இது? என்ன சொல்லணும் எனக்கு?”

பிளோரன்ஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“தனியாவா வராரு?”

லோகேஸ்வரி கேட்டுப் பக்கம் பார்த்தாள். “கூட ஒரு ஆளு. அண்ணனுக்குப் பின்னால, ஒட்டி. முகத்துல துணி சுத்தியிருக்கு. அண்ணன் தோள்ல கைய வச்சுக்கிட்டு நிக்குது, புடிச்சு நிறுத்தி வச்சிருக்குற மாதிரி. அந்தக் கை எனக்குத் தெரிஞ்ச கை மாதிரி இருந்துச்சுக்கா. கேக்கப் பயமா இருந்துச்சு.”

பிளோரன்ஸ் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். இன்னும் கொஞ்சம் எடுக்கலாம் என்ற ஆசையையும், குண்டூசித் தலை அளவு ஓட்டையையும், பித்தளையையும் சொன்னாள். தேவன் குடிக்கவில்லை, எஞ்சின்தான் அவனை இழுத்துக்கொண்டு போனது என்று சொன்னாள். தன் புருஷன் செத்து ஒன்பது நாளாகிறது என்று சொன்னாள். கடைசியில் அந்தப் போனைப் பற்றிச் சொன்னாள். “எஞ்சின்ல ஒண்ணும் இல்லன்னு நான்தான் சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன். அன்னிக்கே நான் உண்மையச் சொல்லியிருந்தா அவரு பொழைச்சிருப்பாரு.”

லோகேஸ்வரி அவளை அறைந்தாள். நாற்று மூட்டை தூக்கிப் பழகிய கை. பிளோரன்ஸின் உதடு கிழிந்தது. இன்னொரு அறை. மூன்றாவதுக்கு ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்று, லோகேஸ்வரி தன் வாயையே பொத்திக்கொண்டு குலுங்கினாள். “அவரு குடிக்கல,” என்றாள். “அவரு குடிக்கல. சரண்கிட்ட நீயே சொல்லு. உன் வாயால சொல்லு.” போனைப் போட்டுக் கையில் திணித்தாள். பிளோரன்ஸ் செரண்டாவில் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே நின்ற பையனிடம், முதலிலிருந்து, ஒரு வார்த்தை விடாமல் மறுபடியும் சொன்னாள்.

சொல்லி முடித்தபோது மழை விட்டிருந்தது. ஓலைகள் சொட்டும் சத்தம் மட்டும்.

கேட்டுக்கு வெளியே யாரும் இல்லை. மண்பாதை நீளத்துக்கும் யாரும் இல்லை. பிளோரன்ஸ் வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நெஞ்சுக்குள் ஒன்பது நாளாக இறுகியிருந்தது கொஞ்சம் இளகியது. போய்விட்டார்கள், என்று நினைத்தாள். ரெண்டு பேரும் போய்விட்டார்கள்.

“அக்கா.”

லோகேஸ்வரி கூப்பிட்ட குரல் காற்றுக்கூட அசையாத அளவுக்கு மெல்லியதாக இருந்தது. அவள் பிளோரன்ஸின் முகத்தைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தாள்.

பிளோரன்ஸ் தலையைத் திருப்பித் தன் வலது தோளைப் பார்த்தாள். உடுப்பு முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டிக் கிடந்தது. தோளில் மட்டும், ஐந்து விரலும் பதிந்த ஒரு கையின் வடிவத்தில், ஈரம் காய்ந்துகொண்டே வந்து, துணியிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.